பொன்னாடையை மரகதம் அக்கா ஏன் வாங்கவில்லை

போன பொங்கல் விழாவை மரகதம் அக்கா கெடுத்துவிட்டார் என்று, அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் கேட்டி என்கிற ஊரில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தியன் கடையில் முருங்கைக்காய் பொறுக்குகிற இடத்தில் பேசுகிறார்கள். பாட்டு கிளாஸில் பிள்ளையை விட்டுவிட்டுக் காரில் காத்திருக்கும்போது பேசுகிறார்கள். "அந்த வயசுல அப்படித்தான் மூட் ஸ்விங் வரும்" என்று நன்றாகப் படித்த ஒரு பெண்மணி சொன்னதை நானே காதால் கேட்டேன். ஒரு பெண் மேடையில் நின்று கோபப்பட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உடம்பில் கோளாறு என்று முடித்துவிட்டார்கள்.

நான் அக்காவுக்கு எதிர் வீடு. நடந்தது எனக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன்.

மரகதம் அக்காவுக்குத் தாராபுரம் பக்கம். கணவர் நஞ்சப்பன், எண்ணெய்க் குழாய்கள் போடுகிற ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அதிர்ந்து பேசாத மனிதர். கல்யாணமாகி இங்கே வந்தபோது அக்காவுக்குக் கிடைத்தது டிபெண்டன்ட் விசா. வேலைக்குப் போகக்கூடாது. ஃபிசிக்ஸ் படித்து, ஊரில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், இங்கே வந்து சமையலறை ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வீடுகள் இருக்கும் சப்டிவிஷனைத் தாண்டினால், கவுண்டி என்கிற உள்ளூர் நிர்வாகத்தின் பெரிய பார்க் ஒன்று இருக்கிறது. மழை வெள்ளம் வந்தால் தண்ணீர் வந்து நிற்பதற்கென்று விட்டிருக்கிற புல்வெளி. மற்ற நாட்களில் அதன் ஒரு ஓரத்தில் மாடல் விமானம் விடுகிறவர்களின் கிளப் நடக்கும். பெரும்பாலும் ரிட்டயரான வெள்ளைக்காரர்கள். நடக்கப் போன அக்கா, கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கிளப் தலைவர் வால்ட் ஒரு நாள், "உள்ளே வாங்களேன், கையில பிடிச்சுப் பாருங்க" என்று கூப்பிட்டார். அன்றைக்கு ரிமோட்டைக் கையில் வாங்கியவர்தான், பிறகு விடவில்லை. அதை அவர்கள் ரேடியோ என்பார்கள். இரண்டு கட்டை விரலாலும் இரண்டு குச்சிகளை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் விமானம் நம்மைப் பார்த்துத் திரும்பி வரும்போது வலது இடதாகிவிடும், இடது வலதாகிவிடும். பல பேர் அங்கேதான் விழுவார்கள். அக்கா விழவில்லை.

"எனக்கு அது ஏனோ கொழப்பமே ஆகலீங்க. அந்த ஏரோப்ளேனுக்குள்ள நானே ஒக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பிறகு எஃப்.பி.வி. வந்தது. மூக்கில் கேமரா வைத்த சின்ன ட்ரோன். அது பார்ப்பதை எல்லாம் நாம் கண்ணில் மாட்டியிருக்கும் காகிள்ஸில் பார்க்கலாம். நாமே பறக்கிற மாதிரிதான். அக்காவுக்கு ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிற பழக்கம். மரத்துக்கு மரம் இடுக்கில் புகுந்து, வளையங்களுக்குள் நுழைந்து, வால்டின் பிக்கப் ட்ரக்கின் ஒரு ஜன்னல் வழியாகப் போய் மறு ஜன்னல் வழியாக வெளியே வருவார். புடவை கட்டுகிற நாளில் புடவையோடும், மற்ற நாளில் ஜீன்ஸும் தொப்பியுமாகவும் நிற்பார். கிளப்பில் புதிதாகச் சேர்கிறவர்களை அவரிடம்தான் அனுப்புவார்கள். வளையத்தைப் பார்க்காதே, வளையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறதைப் பார் என்று ஆரம்பிப்பார். யாராவது சரியாக நுழைந்துவிட்டால், தன்னை அறியாமல் "அப்புடித்தான் கண்ணு! அப்புடித்தான்!" என்று தமிழில் கத்துவார். கிரீன் கார்டு வந்த பிறகு அவர் ஒரு டேகேரில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அங்கே சோறு விழுங்காமல் வாயில் அடக்கி வைத்திருக்கும் குழந்தை விழுங்கிவிட்டால் இதே சொல்தான். நல்லது நடந்தால் அவர் வாயில் வருவது அது.

பெரு வெள்ளம் வந்த வருஷம், எங்கள் பக்கத்துத் தெருக்கள் எல்லாம் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. எந்த வீட்டு மாடியில் ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வதற்குத் தீயணைப்புப் படைக்காரர்கள் கிளப்பின் உதவியைக் கேட்டார்கள். அக்கா ஒரு படகில் உட்கார்ந்து ட்ரோனை ஓட்டினார். மாடி ஜன்னலில் தலையணை உறையைக் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு தம்பதியை அவர்தான் கண்டுபிடித்தார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ட்ரோன் என்றால் அக்காவின் மனசில் இருந்தது அந்தத் தலையணை உறைதான். இதைத் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள், பின்னால் வந்தவர்கள்.

வந்தவர் கேப்டன் மெர்சர் என்ற ராணுவ அதிகாரி. முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையான ஆள். அவருடைய படைப்பிரிவுக்குப் பெட்டி பெட்டியாக எஃப்.பி.வி. ட்ரோன்கள் வந்து இறங்கிவிட்டன. ஓட்டத் தெரிந்தவர்கள்தான் இல்லை. கற்றுக்கொடுக்க அவர்களிடமே ஆளில்லை. வளைய வளையப் பறக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் இந்த மாதிரி பொழுதுபோக்கு கிளப்களில்தான் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார். வால்ட் உடனே அக்காவைக் கை காட்டினார்.

அவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷில். அக்கா என்னிடம் சொன்ன தமிழிலேயே எழுதுகிறேன்.

"என்னத்துக்குங்க இது உங்களுக்கு?" என்று அக்கா முதலிலேயே கேட்டார்.

"அடிபட்டுக் கிடக்கிற சிப்பாய் எங்க இருக்கான்னு கண்டுபிடிக்கணும் மேடம். அங்க ஆள் போக முடியாது. ரத்தமோ மருந்தோ அனுப்பணும். நீங்க வெள்ளத்துல செஞ்சீங்களே, அதேதான்."

"ஆளுங்களைச் சுடறதுக்கா?"

"ஆளுங்களைக் காப்பாத்தறதுக்கு மேடம்."

அக்கா வீட்டுக்கு வந்து யோசித்தார். நஞ்சப்பனிடம் கேட்டார். "உனக்கு இஷ்டம்னா செய். ஆர்மிக்கு ஹெல்ப் பண்ணுனா சிட்டிசன்ஷிப்புக்கும் நல்லதுதானே" என்றார் அவர். இருவரும் குடியுரிமைக்கு அப்ளை பண்ணியிருந்த நேரம். அக்கா சரி என்றார்.

அதில் ஒரு வேடிக்கை. அமெரிக்கக் குடிமகள் இல்லாத ஒருவரை ராணுவ முகாமுக்குள் கூட்டிப்போய்ப் பாடம் நடத்தச் சொல்வதற்கு மாசக்கணக்கில் விசாரணை நடக்குமாம். அதனால் சிப்பாய்களை இங்கே அழைத்து வருகிறோம் என்றார் கேப்டன். முகாமின் வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள். ஆனால் அந்தக் கை மட்டும் வேண்டும். நான் அப்போதே அக்காவிடம் இதைச் சொன்னேன். "அட விடுங்க, ரூல்னா ரூல்தானுங்களே" என்று சிரித்தார்.

குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் ஒரு வேனில் சிப்பாய்கள் வந்து இறங்குவார்கள். எல்லாம் சின்னப் பிள்ளைகள். அக்காவின் மகள் யாமினி ஆஸ்டினில் காலேஜில் படிக்கிறாள், அவளைவிடச் சின்னவர்கள்கூட இருந்தார்கள். முதல் வாரம் ட்ரோன்கள் எல்லாம் புல்லில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றன. டெலானி என்று ஒருவன், காகிள்ஸை மாட்டியதும் தலை சுற்றி, புதருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான். அக்கா அவனுக்கு இஞ்சி மிட்டாய் கொடுத்து, நாற்காலியில் உட்கார வைத்து, தரையில் பாதத்தை நன்றாக ஊன்றச் சொல்லிப் பழக்கினார். கொஞ்ச நாளில் அவன்தான் எல்லாரையும்விட நன்றாக ஓட்டினான். யார் வளையத்தில் நுழைந்தாலும் அக்கா முந்துவதற்குள் பையன்களே "அப்டிதான் கன்னு!" என்று கத்த ஆரம்பித்தார்கள். கேட்டபோது எனக்கும் சிரிப்பாக இருந்தது.

பிறகு ஒரு கம்பெனிக்காரர் கேமராக்களோடு வந்தார். ராணுவத்துக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு தனியார் கம்பெனி. அக்கா பேசுவதை எல்லாம் பதிவு பண்ணினார்கள். பாடமாக வைத்துக்கொள்ள என்றார்கள். அந்த ஆள்தான் கோல்ஃப் கார்ட் என்கிற சின்னத் திறந்த வண்டியையும் கொண்டுவந்தது. புல்வெளியில் அதை வளைத்து வளைத்து ஓட்டுவார்கள். ட்ரோன் அதைத் துரத்திக்கொண்டே போய், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டுக்கு நேராக, கை நீட்டினால் தொடுகிற உயரத்தில் நிற்க வேண்டும்.

அக்கா அப்போதும் கேட்டார். "வண்டியை எதுக்குங்க தொரத்தோணும்?"

"ஆம்புலன்ஸ் நிக்காம ஓடிட்டே இருக்கும். ஓடறப்பவே ரத்தப் பையைக் கரெக்டா சீட்ல போடணும் மேடம்" என்றார் கம்பெனிக்காரர். கேப்டன் பக்கத்தில்தான் நின்றார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்கா அதை நம்பினார். நம்பியதோடு இல்லை, ட்ரோன் சீட்டில் மோதி உடைந்துவிடக் கூடாதே என்று தன் வீட்டு சோபாவின் திண்டை எடுத்துப்போய் அந்த சீட்டில் வைத்தார். நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஒருத்தர் தன் வீட்டுத் திண்டைக் கொண்டுவந்து வைக்கிறார், நீ அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறாய்.

அந்த வருஷத்துப் பயிற்சி முடிந்தது. சிப்பாய்கள் கை குலுக்கிப் போய்விட்டார்கள். அடுத்த பொங்கல் வந்தது.

எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் அந்த வருஷத் தலைவர் பாலசுப்ரமணியன். சென்னைக்காரர். விழா என்றால் பம்பரமாகச் சுற்றுவார். அக்காவைப் பற்றி யார் மூலமோ கேள்விப்பட்டு, "நம்ம கம்யூனிட்டில இப்படி ஒரு லேடியா! யூஎஸ் ஆர்மிக்கே ட்ரெயினிங் குடுத்திருக்காங்க! மேடைல ஏத்தி ஹானர் பண்ணணும்" என்று துள்ளினார். ஸ்கூல் ஆடிட்டோரியத்தை வாடகைக்கு எடுத்து விழா. பட்டுப் பாவாடைச் சிறுமிகள் கும்மி ஆடி முடித்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே கேட்டரிங்காரர்கள் சர்க்கரைப் பொங்கல் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா அரக்குப் பட்டுப் புடவையில், கூச்சத்தோடு மேடையேறி நின்றார். நஞ்சப்பன் எனக்குப் பக்கத்துச் சீட்டில் ஃபோனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"பொன்னாடை போடறதுக்கு முன்னாடி ஒரு சர்ப்ரைஸ்!" என்றார் பாலசுப்ரமணியன். "அக்காவோட ட்ரெயினிங்ல ரெடியான சோல்ஜர்ஸ். அந்தக் கம்பெனி வெப்சைட்லயே போட்டிருக்காங்க. எல்லாரும் ஸ்க்ரீனைப் பாருங்க!"

விளக்குகளைக் குறைத்தார்கள். பெரிய திரையில் முதலில் எங்கள் பார்க்கின் புல்வெளி வந்தது. அக்காவின் கைகள் வந்தன, முகம் இல்லை. அக்காவின் குரல் இங்கிலீஷில், "அவசரப்படாதே, பின்னாலேயே போ, பக்கத்துல போ" என்றது. உடனே காட்சி மாறியது. ஏதோ ஒரு வறண்ட நிலம். கூரையில்லாத ஒரு ராணுவ வண்டி ஓடுகிறது. ட்ரோனின் கண் வழியாகப் பார்க்கிறோம். வண்டியை வளைந்து வளைந்து துரத்துகிறது. அக்காவின் குரல் கூடவே வருகிறது. சீட்டில் ஓர் உருவம் உட்கார்ந்திருக்கிறது. சட்டை, தொப்பி, துணியால் செய்த முகம். ட்ரோன் சீட்டுக்கு நேராக இறங்குகிறது, முகம் திரை முழுக்கப் பெரிதாகிறது, அப்புறம் சிக்னல் அறுந்து வெறும் புள்ளிகள். அடுத்த காட்சியில் தூரத்திலிருந்து அந்த வண்டி வெடித்துப் பறப்பதைக் காட்டினார்கள். துணிக் கைகள் தனியாக விழுந்தன. ஒரு சிப்பாயின் குரல் கத்துகிறது: "அப்டிதான் கன்னு! அப்டிதான்!"

அரங்கம் அதிர்ந்தது. விசில் அடித்தார்கள். தமிழ் கேட்டுவிட்டதாம், அமெரிக்க ராணுவத்தில் தமிழ் கேட்டுவிட்டதாம்! எனக்கு முன் வரிசையில் ஒருவர் எழுந்து நின்று கை தட்டினார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தபடியே நின்றார். பாலசுப்ரமணியனின் மனைவி ஸ்வர்ணா பொன்னாடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். அக்கா ஒரு கையால் அதைத் தடுத்தார். மற்ற கையால் மைக்கை வாங்கினார்.

"கை தட்டறதை நிறுத்துங்க" என்றார். சத்தம் போடவில்லை. ஆனால் கைதட்டல் நின்றுவிட்டது.

"அந்த வண்டியில ஒக்காந்திருந்தது துணி பொம்மைங்க. நாளைக்கு பொம்மை ஒக்காராது. மருந்து கொண்டு போறதுக்குன்னு எங்கிட்டச் சொன்னாங்க. ரத்தம் கொண்டு போறதுக்குன்னு சொன்னாங்க. நான் ரெண்டு தடவ கேட்டனுங்க. ரெண்டு தடவயும் பொய் சொன்னாங்க. அந்தப் பையன் கத்தறானே, அது என்ற வார்த்தைங்க. கொழந்தை சோறு முழுங்குனா நான் சொல்ற வார்த்தை. அதைக் கொண்டு போயி அங்க வெச்சிருக்காங்க. இதுக்குத்தான் எனக்குப் பொன்னாடையா?"

பாலசுப்ரமணியன் பதறிப்போய் அருகே வந்தார். மைக் திறந்திருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "அக்கா, ப்ளீஸ். இது ஃபெஸ்டிவல். கிட்ஸ் எல்லாம் இருக்காங்க."

"கிட்ஸ் இருக்கறப்பத்தானுங்களே நீங்க இதைப் போட்டுக் காட்டுனீங்க?"

அக்கா மைக்கை ஸ்வர்ணாவின் கையில் கொடுத்துவிட்டு இறங்கி, நடு வழியில் நடந்து வெளியே போனார். இவ்வளவுதான் நடந்தது. யாரையும் திட்டவில்லை. எதையும் தூக்கி எறியவில்லை. பொன்னாடையைக் காலால் மிதித்தார் என்று இப்போது ஒரு கதை ஓடுகிறது. நான் அங்கேதான் இருந்தேன். அது பச்சைப் பொய்.

காரில் போகும்போது நஞ்சப்பன், "சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவை வெச்சுக்கிட்டு இப்புடிப் பேசலாமா மரகதம்? நாளைக்கு அங்க கேட்டா என்ன சொல்லுவ?" என்றார்.

"என்னை ஏமாத்துனாங்கன்னு சொல்லுவேன். அதைச் சொல்றதுக்குக்கூட சிட்டிசன் ஆகோணுமா?"

பின் சீட்டில் நான் இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அக்கா பார்க்குக்குப் போனார். புதிய அணி ஒன்றை அழைத்துக்கொண்டு கேப்டன் மெர்சர் வந்திருந்தார். உதவிக்கு டெலானியும் வந்திருந்தான். நானும் கூடப் போனேன். நான்தான் கார் ஓட்டினேன்.

அக்கா நேராகக் கேப்டனிடம் போனார். "நீங்க எங்கிட்டப் பொய் சொன்னீங்க."

"மேடம், நாங்க ஆர்மி" என்றார் அவர். குரலில் அலட்சியம் இல்லை, களைப்புதான் இருந்தது. "வேற என்ன செய்வோம்னு நெனச்சீங்க? நான் சொன்னது பொய் இல்ல. மருந்தும் கொண்டு போவோம். இதுவும் செய்வோம்."

"பாதியைச் சொல்லிட்டு மீதியை மறைச்சா அதுக்குப் பேரு என்னங்க? நீங்க ஆர்மின்னு எனக்குத் தெரியும். அதனாலதான் கேட்டேன். நெசத்தைச் சொல்லியிருந்தா நான் சரின்னும் சொல்லியிருப்பேன், மாட்டேன்னும் சொல்லியிருப்பேன். அது என்ற இஷ்டம். மாட்டேன்னு சொல்றதுக்கு எனக்கு இருந்த வழியை நீங்க எடுத்துக்கிட்டீங்க."

கேப்டன் தரையைப் பார்த்தார். கம்பெனியிடம் பேசுகிறேன் என்றார். டெலானிதான் முன்னால் வந்தான். முகம் சிவந்திருந்தது. வீடியோவில் கத்தியது அவன்தான்.

"உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன் மேடம். யாரும் சொல்லி நான் கத்தல. கரெக்டா போயிட்டா நீங்க அப்படித்தானே சொல்லுவீங்க?"

அக்கா திரும்பிக் காரை நோக்கி நடந்தார். வண்டிக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அழுதார். "அந்தப் பையன் மேல கோவப்படவும் முடியல, படாம இருக்கவும் முடியல" என்றார்.

இதைப் பற்றிக் கிளப்பில் கூட்டம் போட்டார்கள். வால்ட் நல்லவர்தான், ஆனால் அவருக்கு ஒரு பயம் இருந்தது. சுற்றிலும் புது வீடுகள் வருகின்றன, சத்தம் என்று அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்கிறார்கள், இந்த இடத்தைக் கவுண்டி என்றைக்கு வேண்டுமானாலும் பறித்துவிடும். ராணுவம் வந்து பழகுகிற இடம் என்றால் யாரும் கை வைக்க மாட்டார்கள். "இதைப் பெருசு பண்ணாதே மராகா" என்றார். அக்கா பெயரை அவர் அப்படித்தான் சொல்வார். அக்கா கேட்கவில்லை. கற்றுக்கொடுக்கும் பொறுப்பிலிருந்து கொஞ்ச நாள் விலகியிருக்கும்படி தீர்மானம் போட்டார்கள். கை தூக்கியவர்களில் பாதிப் பேர் அக்காவிடம் கற்றுக்கொண்டவர்கள்.

வீடியோவிலிருந்து அம்மாவின் குரலை எடுக்கச் சொல்லிக் கம்பெனிக்கு யாமினி ஃபோன் போட்டாள். பிள்ளைக்குக் கோபம் வந்தால் அம்மாவைவிடப் பேசுவாள். ஆளை மாற்றி ஆளிடம் இழுத்தடித்து, கடைசியில் ஒருத்தர் சொன்னாராம்: பொது இடத்தில் பேசியது, நாங்கள் பதிவு செய்தபோது உங்கள் அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. யாமினி ஃபோனை வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள், "அம்மா, கோ டு த கவுண்டி. இட்ஸ் தேர் பார்க்."

எங்கள் கவுண்டியை நிர்வகிக்கிற கமிஷனர்கள் கூடும் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். சில நிமிஷம் கொடுப்பார்கள். அக்கா பேர் கொடுத்தார். போக வேண்டாம் என்று நஞ்சப்பன் சொல்வார் என்று நினைத்தேன். அவர் லீவ் போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு கீழே வந்து, "பார்க்கிங் கெடைக்காது, நானே ட்ரைவ் பண்றேன்" என்றார்.

சாலைக் குழிகள், வடிகால் என்று பலர் பேசிய பிறகு அக்காவின் முறை வந்தது. கமிஷனர்களில் ஒருவர் ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தார். அக்கா தன் இங்கிலீஷில், நடந்ததை ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொன்னார். மழை வெள்ளத்தில் தன் ட்ரோன் என்ன செய்தது, பின்னால் வந்தவர்கள் என்ன சொன்னார்கள், தன் குரலை எங்கே கொண்டுபோய் ஒட்டினார்கள் எல்லாவற்றையும். முடிக்கும்போது ஃபோன் நோண்டிய அந்த மனிதர் தலையைத் தூக்கினார்.

"மேடம், நீங்க நம்ம ராணுவத்துக்கு எதிரா?"

இவ்வளவு நேரம் ஒருத்தி தொண்டை காய நின்று சொன்னதில் அவர் காதில் விழுந்தது இதுதானா? புடவை கட்டிய ஒரு பெண் கேள்வி கேட்டால், முதலில் அவள் எந்தப் பக்கம் என்று நிரூபிக்க வேண்டுமா?

அக்கா நிதானமாகச் சொன்னார். "உங்க பிள்ளைங்களுக்கு நான்தான் பறக்கச் சொல்லிக் கொடுத்தேன். மயக்கம் வந்தப்ப தண்ணி கொடுத்தேன். நான் அவங்களுக்கு எதிரி இல்ல. பொய்க்கு எதிரி. இது உங்க புல்வெளி. இங்க நின்னுதான் பொய் சொன்னாங்க. அதுக்கு நீங்க என்ன செய்யப் போறீங்க?"

நேரம் முடிந்தது என்று மணி அடித்தது. பின் வரிசையில் யாரோ ஒருவர் மட்டும் கை தட்டினார். திரும்பிப் பார்த்தால் நஞ்சப்பன். அந்த மனிதர் பொது இடத்தில் கை தட்டி நான் பார்த்ததில்லை.

சில வாரங்களில் பதில் வந்தது. கவுண்டி பார்க்கில் வியாபாரத்துக்காகப் படம் எடுக்க வேண்டும் என்றால் அனுமதி வாங்க வேண்டுமாம். கம்பெனி வாங்கவில்லை. அதனால் அந்தப் புல்வெளியில் எடுத்த படத்தையும் குரலையும் நீக்கச் சொல்லிவிட்டார்கள். நீக்கிவிட்டார்கள். அக்கா ஜெயித்துவிட்டார் என்று சிலர் வாழ்த்து சொன்னார்கள். எதில் ஜெயித்தார்? பொய் சொன்னதற்காக ஒருவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அனுமதிச் சீட்டு வாங்காததுதான் குற்றமாயிற்று. வீடியோ இன்னும் இருக்கிறது. வண்டி ஓடுகிறது, பொம்மை வெடிக்கிறது. அக்காவின் குரல் இருந்த இடத்தில் இப்போது ஏதோ ட்ரம்ஸ் அடிக்கிறார்கள்.

சிப்பாய்களின் பயிற்சி வேறு எங்கேயோ மாறிப்போனது. டெலானி எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. அவனைப் பற்றி அக்கா பேசுவதில்லை. குடியுரிமை இன்டர்வியூவில் நஞ்சப்பன் பயந்த எதையும் கேட்கவில்லை. சுதந்திரத்தைப் பற்றிய கேள்விகளுக்கு அக்கா சரியாகப் பதில் சொன்னார், கொடியைப் பார்த்து உறுதிமொழி எடுத்தார். இப்போது முகாமுக்குள் அவரைக் கூட்டிப்போக வழி உண்டு. யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் போகமாட்டார்.

கிளப்பை விட்டு அவர் விலகவில்லை. "அது கவுண்டி எடம். நான் ஏன் போகோணும்?" என்றார். சனிக்கிழமைகளில் போய், மற்றவர்களிடமிருந்து சற்றுத் தள்ளி நின்று, காற்றில் மிதக்கிற மெல்லிய க்ளைடர் ஒன்றை விடுகிறார். எஃப்.பி.வி. காகிள்ஸைத் தொடுவதில்லை. வால்ட் ஒரு நாள் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டார். பழைய மாதிரி சிரித்துப் பேசவில்லை.

போன மாசம் பாலசுப்ரமணியனும் ஸ்வர்ணாவும் ஸ்வீட் பாக்ஸோடு அக்கா வீட்டுக்கு வந்தார்கள். நானும் இருந்தேன். "மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க அக்கா, எங்களுக்கும் என்ன வீடியோன்னு முழுசா தெரியல" என்றார் பாலசுப்ரமணியன். "சரிங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சங்கத்து குரூப்ல போடுங்க. நான் மேடைல எதுக்குப் பேசுனேன்னும் போடுங்க. நான் ஏதோ பைத்தியம்னு பேசிட்டு இருக்காங்க" என்றார் அக்கா. போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே வாட்ஸப்பில் வந்தது. "பொங்கல் விழாவில் ஏற்பட்ட சிறு தவறான புரிதல் சுமுகமாகத் தீர்ந்தது. மரகதம் அக்காவுக்கு நன்றி." கீழே கும்பிடும் கைகள், பூங்கொத்துகள், தம்ஸ் அப்கள்.

அக்கா உடனே அவருக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"ஏனுங்க, யாரு தப்பாப் புரிஞ்சுக்கிட்டது?"

"இல்லக்கா, சும்மா ஒரு ஸாஃப்ட்டா இருக்கட்டும்னுதான்..."

"நான் தப்பாப் புரிஞ்சுக்கலீங்க. சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டேன். அதை மாத்திப் போடுங்க."

"மாத்திடறேன்க்கா, ஷ்யூர், வீக்கெண்ட்ல மாத்திடறேன்."

வீக்கெண்டுகள் போய்விட்டன. இதை எழுதுகிற இன்று வரை அந்த மெசேஜ் அப்படியேதான் இருக்கிறது. அக்கா வாரா வாரம் ஃபோன் போடுகிறார். இப்போதெல்லாம் அவர் எடுப்பதில்லை.